கல்யாணத்துக்குப் பின் தொடங்கிய கதைகள்

2006-இன் தொடக்கத்தில் நியூயார்க்கின் சிக்னெட் பதிப்பகம் தன் ரீஜென்சி நாவல் வரிசையை நிறுத்தியது. 2005-இலேயே ஜீப்ரா தன் வரிசையை மூடிவிட்டிருந்தது. ஃபாசெட் போன்றவை அதற்கும் முன்பே ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயிருந்தன. கடைசியாக மிஞ்சிய இரண்டும் அடுத்தடுத்துப் போனதில், மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு வகைப் புத்தகமே இல்லாமல் போயிற்று. காலம் கடந்து எழுதும் இரங்கல்தான் இது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போனது இன்னதென்று இப்போதுதான் எனக்கு முழுசாக உறைக்கிறது.

கையில் எடுத்தால் அது சின்னப் புத்தகம். காகித அட்டை, 220 பக்கம் சொச்சம், சில வருஷத்திலேயே பழுப்பேறிவிடும் மட்டரகத் தாள். அட்டையில் ஓவியம் இருக்கும்: மார்புக்குக் கீழே இறுக்கி அங்கிருந்து நேராகத் தொங்கும் மஸ்லின் கவுனில் ஒரு பெண், கழுத்துத் துணியை மடிப்பு மடிப்பாகக் கட்டிய ஓர் ஆண், பின்னால் ஒரு பூங்காவோ குதிரை வண்டியோ. விலை ஐந்து டாலருக்குள். அமெரிக்காவின் மளிகைப் பேரங்காடிகளிலும் மருந்துக் கடைகளிலும் சுழலும் கம்பி அடுக்குகளில் செருகி வைத்திருப்பார்கள். பாலும் ரொட்டியும் வாங்க வந்தவர்கள் இதையும் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பதிப்பகம் மாதத்துக்கு இரண்டு மூன்று வெளியிடும். அடுத்த மாதம் வேறு இரண்டு மூன்று.

கதை நடப்பது இங்கிலாந்தில், பெரும்பாலும் 1811-க்கும் 1820-க்கும் இடையில். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கிக் கிடக்க, மூத்த மகன் அவருக்குப் பதிலாள் என்ற பெயரில் ஆண்ட ஒன்பது வருஷம்; அந்தப் பதிலாட்சிக்குத்தான் ரீஜென்சி என்று பெயர். ஒரு பக்கம் நெப்போலியனோடு போர்; இன்னொரு பக்கம் லண்டனில் நடன விருந்துகள். இந்த உலகத்தை நாவலுக்கு உரியதாக்கியவர் ஜார்ஜெட் ஹேயர். 1902-இல் விம்பிள்டனில் பிறந்தவர். 1926-இல் அவருடைய ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ வெளியானபோது இங்கிலாந்து முழுக்கப் பொது வேலைநிறுத்தம். விளம்பரம் எதுவும் செய்ய வழியில்லை. புத்தகம் அப்படியும் அமோகமாக விற்றது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் பேட்டி, விளம்பரம் எதற்கும் இணங்கவில்லை. உடுப்பு, வண்டி, மூக்குப்பொடி டப்பா, அன்றைய பேச்சுவழக்கு என்று எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் வரைந்தும் எழுதியும் சேர்த்துவைத்து, அந்தச் சேமிப்பிலிருந்து எழுதினார். வாட்டர்லூ போரை அவர் எழுதிய ‘அன் இன்ஃபேமஸ் ஆர்மி’ போர்க்கள விவரிப்பின் துல்லியத்துக்காகவே மதிக்கப்பட்டது. 1974-இல் அவர் இறந்தார். வாசகர்களுக்குப் பசி தீரவில்லை. அந்தப் பசிக்குத்தான் அமெரிக்கப் பதிப்பகங்கள் மாதாந்தர வரிசைகளைத் தொடங்கின. முதலில் வந்தவற்றில் பல அவருடைய நகல்கள். பிறகு எழுதவந்த சிலர் அசலானவர்கள், அவர்களிடம் வருகிறேன்.

இந்த வரிசைகளில் கதைக்கட்டுகள் எத்தனையோ உண்டு. எனக்கு உயிரானது ஒன்றுதான்: ஒப்பந்தக் கல்யாணம். அவனுக்குக் கழுத்தளவு கடன், அவள் பெயரில் பெரும் சொத்து. அல்லது அவளுக்கு ஒதுங்க ஓர் இடமில்லை, அவனுக்கு வாரிசு இல்லை. காதல் என்ற பேச்சே எழாமல் இருவரும் சம்மதிக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில், சிலவற்றில் முதல் அத்தியாயத்திலேயே, கல்யாணம் முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் 200 பக்கமும் அதற்குப் பிறகு நடப்பது.

மற்றக் காதல் கதைகள் முடியும் இடத்தில் இவை தொடங்கின. அதில்தான் இவற்றின் அழகு முழுவதும் இருந்தது. காலை உணவு மேஜையில் எதிரெதிரே இருவர். அவன் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வானா மாட்டானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் பேச விரும்புகிறாளா, செய்தித்தாளைப் பிரித்தால் மரியாதைக் குறைவாகுமா என்று அவனுக்குத் தெரியாது. வீட்டுச் சாவிக்கொத்தை மாமியார் கொடுப்பாரா, பழைய வேலைக்காரர்கள் அவள் சொல்லைக் கேட்பார்களா, அவன் வெளியே போகும்போது எங்கே போகிறான் என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டா? இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கேள்விகளை வைத்தே கதை நடந்தது. வில்லன் வேண்டியிருக்கவில்லை. கடத்தலோ வாள்சண்டையோ வந்தாலும் கடைசிப் பத்துப் பக்கத்தில் வந்து போகும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

இங்கே நம் வாசகருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஒரே ஒரு தடவை, பலகாரத் தட்டை நீட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்த ஒருவரோடு குடித்தனம் தொடங்குவது எப்படி என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, நான் போய்வந்த சென்னை வாடகை நூலகங்களில் ஹேயருக்கு எப்போதும் ஓர் அடுக்கு இருந்தது. சிக்னெட் புத்தகங்கள் அதன் ஓரத்தில், முதுகு வெளுத்து, பக்கம் கழன்று நின்றன. எடுத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணமான பெண்கள்.

அந்தக் கதைக்கட்டு அவ்வளவு உறுதியாக நின்றதற்குக் காரணம் அக்காலத்துச் சட்டம். 1753-இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டப்படி, இங்கிலாந்தில் கல்யாணம் செல்லவேண்டுமானால் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிக்கவேண்டும், அல்லது உரிமம் வாங்கவேண்டும். கல்யாணம் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் தேவாலயத்தில்தான் நடக்கவேண்டும். கேன்டர்பரி பேராயரின் அலுவலகம் தரும் தனி உரிமம் கையில் இருந்தால் மட்டும் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் செய்துகொள்ளலாம். நாவல்களில் கதாநாயகன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் தாள் இதுதான். உரிமமும் கிடைக்காத இளசுகள் ஸ்காட்லாந்து எல்லைக்கு வண்டியை விரட்டினார்கள். அங்கே இந்தச் சட்டம் செல்லாது.

நுழைவதற்கே இவ்வளவு. வெளியேறவோ வழியே இல்லை. மறுமணம் செய்யும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போடவேண்டும். 1857-இல் இந்த நிலை மாறும்வரை, ஒன்றரை நூற்றாண்டில் அப்படி வந்த சட்டங்கள் 300-க்குச் சற்று அதிகம். அவற்றில் மனைவி கேட்டுக் கிடைத்தவை நான்கே நான்கு. கல்யாணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற நிலையே கிடையாது. அவள் சம்பாத்தியமும் அவள் கையிலிருந்த ரொக்கமும் கணவனுடையவை. அதனால்தான் வசதியுள்ள வீடுகளில் கல்யாணத்துக்கு முன் இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள்: வருஷத்துக்குக் கைச்செலவுக்கு இவ்வளவு, அவன் முந்திக்கொண்டால் அவள் ஜீவனத்துக்கு இவ்வளவு, பிறக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவு. தன் சொந்தப் பணத்தில் ஒரு பகுதி தன்னிடம் தங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தத் தாள். பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1870-இலும் 1882-இலும்தான் வந்தது.

ஆகவே ரீஜென்சி நாவலில் கையெழுத்துப் போட்டுவிட்ட இருவருக்கும் முன்னால் இருந்தது ஒரே கேள்வி: இந்த ஆளோடு சாகும்வரை எப்படி வாழ்வது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் அந்தக் கதைகளின் காதல். இன்றைய நாவலில் பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம்; போகவேண்டும். அது நல்லதுதான். ஆனால் அந்த வழி அடைபட்டிருந்த இடத்தில் ஒருவர் இன்னொருவரைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட சிரத்தை ஒரு கதைக்கலையாக வளர்ந்தது. அந்தக் கலைக்காகத்தான் இந்த இரங்கல்.

இதில் ஒன்று எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. இந்த நாவல்கள் தாங்கியிருப்பது யாருடைய ஆட்சியின் பெயரையோ, அவருடைய கல்யாணமே அக்காலத்தின் ஆகக் கேவலமான ஒப்பந்தக் கல்யாணம். வேல்ஸ் இளவரசர் ஜார்ஜுக்கு 1795-இல் கடன் ஏறக்குறைய 6,30,000 பவுண்டு. கல்யாணம் செய்துகொண்டால் நாடாளுமன்றம் கடனைத் தீர்க்க வழிசெய்யும் என்பதற்காக, பார்த்தே இராத அத்தை மகள் பிரன்ஸ்விக் கரோலினை மணக்கச் சம்மதித்தார். பத்து வருஷத்துக்கு முன்பே மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை அவர் ரகசியமாக மணந்திருந்தார். அது சட்டப்படி செல்லாத கல்யாணம். கரோலினை முதன்முதலாகப் பார்த்ததும் பிராந்தி கொண்டுவரச் சொன்னார் என்பது வரலாற்றில் நின்றுவிட்டது. ஒரு மகள் பிறந்ததோடு சரி, பிரிந்துவிட்டார்கள். 1821 ஜூலை 19-ஆம் தேதி அவர் முடிசூடிக்கொண்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் வாசல்களில் அவருடைய ராணி உள்ளே விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று வாரத்துக்குள் இறந்தும் போனார்.

அதே குடும்பத்தில் இன்னொரு கல்யாணம். ஜார்ஜின் ஒரே மகள் சார்லட் 1817 நவம்பரில் பிரசவத்தில் இறந்ததும், அரியணைக்கு வாரிசு வேண்டுமென்று ஜார்ஜின் தம்பிமார் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். அவர்களில் வில்லியம், டோரதியா ஜோர்டன் என்ற நடிகையோடு இருபது வருஷம் போல வாழ்ந்து பத்துப் பிள்ளைகள் பெற்றவர், அவருக்கும் கடன். 1818 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த அடிலெய்டை மணந்தார். அவருக்கு வயது 52, அவளுக்கு 25. பார்த்த சில நாளில் கல்யாணம். யாரும் நல்லதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் நிலைத்தது. அடிலெய்டு அவருடைய கடன்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள். அந்தப் பத்துப் பிள்ளைகளையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டாள். தனக்குப் பிறந்தவை தங்காமல் போன துக்கத்தையும் தாங்கினாள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரம் அவள் பெயரில் இருப்பதுதான். சிக்னெட் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தது அண்ணனின் கல்யாணத்தை விட்டுவிட்டு, இந்தத் தம்பியின் கல்யாணத்தை.

ஜேன் ஆஸ்டினுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. 1802 டிசம்பர் 2-ஆம் தேதி மானிடவுன் மாளிகையில் ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்டார். சொத்துள்ள இடம், ஜேனுக்கும் அக்காவுக்கும் பெற்றோருக்கும் வாழ்நாள் கவலை தீர்ந்திருக்கும். மாலையில் சரி என்றவர், ராத்திரி முழுக்க யோசித்து, விடிந்ததும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அவர் எழுதிய ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் சார்லட் லூகாஸ் மறுநாள் காலையில் மறுக்காதவள். கணவனைத் தோட்டவேலைக்குத் தூண்டி அனுப்பிவிட்டுத் தன் சின்ன அறையில் நிம்மதியாக உட்காரும் அந்தப் பெண்ணைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஒரு ராத்திரியின் யோசனை அதற்குள் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

ஹேயர் இந்தக் கதைக்கட்டை இரண்டு கோடியிலிருந்தும் எழுதினார். 1934-இல் வந்த ‘தி கன்வீனியன்ட் மேரேஜ்’ துள்ளல். அக்காவைப் பெண் கேட்டு வந்த பிரபுவிடம் திக்குவாயும் அடர்ந்த புருவமும் கொண்ட பதினேழு வயதுத் தங்கை நேராகப் போய், அக்கா வேறொருவரை விரும்புகிறாள், அவளுக்குப் பதில் என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறாள். 27 வருஷம் கழித்து, 1961-இல், ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ எழுதினார். இந்த வகையில் இதைவிட நல்ல நாவல் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆடம் டெவரில் போர்முனையிலிருந்து வீடு திரும்புகிறான். அப்பா குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போயிருக்கிறார். பட்டம் வருகிறது, கூடவே மலைபோல் கடன். லிங்கன்ஷயரில் இருக்கும் குடும்ப மாளிகை ஃபான்ட்லி விலைக்குப் போகும் நிலை. அம்மாவும் தங்கைகளும் இருக்கிறார்கள். அவன் உயிராய் நினைத்த ஜூலியாவைக் கட்ட இனி வழியில்லை. அவளுடைய அப்பாவே ஒரு யோசனை சொல்கிறார்: லண்டன் வியாபாரி ஜோனதன் சாலியின் ஒரே மகள் ஜென்னி. ஜூலியாவோடு ஒன்றாகப் படித்தவள். அழகி இல்லை, பருத்த உடம்பு, கூச்ச சுபாவம், பேச்சில் சாமர்த்தியம் கிடையாது. ஆடம் சம்மதிக்கிறான். அவளுக்கு அவன்மேல் வெகுநாளாக ஆசை என்பது அவனுக்குத் தெரியாது. அவள் வாய்திறந்து சொல்வதும் இல்லை.

அதற்குப் பிறகு ஹேயர் செய்வதெல்லாம் வீட்டுக்குள்ளே. மாமனார் சாலி கத்திப் பேசுகிற, மனசு தாராளமான, மருமகனை மூச்சுத் திணறவைக்கிற மனிதர். புதுத் தம்பதிக்காக லண்டன் வீட்டைக் கண்ணைப் பறிக்கும் ஆடம்பரத்தில் அலங்கரித்துக் கொடுக்கிறார். உள்ளே வரும் ஆடமுக்கு அங்குள்ள ஒவ்வொரு பொருளும் விலைச்சீட்டோடு நிற்பதுபோல் படுகிறது. அதே சாலி பீங்கான் சேகரிப்பவர். தன் சீனக் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்ததும் அந்த மனிதரின் குரலே தாழ்ந்துவிடும். ஒரு முரட்டு ஆளை வாசகர் மனசில் இடம்மாற்றிவைக்க ஹேயருக்கு அந்த ஒரு கிண்ணம் போதுமாயிருந்தது. ஜென்னியோ ஆடமுக்கு எது பிடிக்கும், எப்போது தனிமை வேண்டும், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் கவனித்து வைத்துக்கொள்கிறாள். அப்பாவின் அளவுமீறிய தாராளத்திலிருந்து கணவனின் மானத்தைக் காப்பது எப்படி என்றும், கணவனின் கோபத்திலிருந்து அப்பாவின் மனசைக் காப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்கிறாள். ஆடம் மெல்ல மெல்ல மண்ணில் இறங்குகிறான்; வடிகால், புதுப் பயிர்முறை என்று நிலத்தைச் சீர்செய்யத் தொடங்குகிறான். வாட்டர்லூவில் தோற்றுவிட்டோம் என்று லண்டன் முழுக்க வதந்தி பரவி அரசாங்கப் பத்திரங்கள் சரிந்தபோது, விற்றுவிடச் சொல்கிறார் மாமனார். வெலிங்டனின் கீழ் போரிட்ட ஆடம் தன் தளபதியை நம்பி வாங்குகிறான். அந்த லாபத்தில்தான் அவனுக்கு முதல்முறையாக மாமனாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடிகிறது.

கடைசியில் ஆடம் ஜென்னிமேல் பித்தாகிவிடுவதில்லை. பல வாசகர்களுக்கு இது பிடிக்காது, ஏமாற்றம் என்பார்கள். எனக்கு நாவலின் உச்சமே அதுதான். ஜூலியாமேல் இருந்தது இளவயசுக் கனவு என்று அவனுக்குத் தெளிகிறது. ஜென்னி இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன்மேல் அவனுக்கு இருப்பது எது, இல்லாதது எது என்று ஜென்னிக்கும் தெரியும். அந்தத் தெளிவோடு அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அதை ஹேயர் பொய்யாக இனிப்புத் தடவாமல் எழுதினார். இந்த வகை நாவலால் இவ்வளவு உண்மையைத் தாங்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சிக்னெட் காலத்தில் இந்தச் சாட்சியை மறக்காமல் எழுதியவர்கள் என்று இருவரைச் சொல்வேன். மேரி பலோக் வேல்ஸின் ஸ்வான்ஸியில் பிறந்து, கனடாவின் சஸ்காட்சுவனில் ஒரு சிற்றூருக்கு ஆசிரியையாகப் போனவர். முதல் புத்தகம் 1985-இல் சிக்னெட்டில் வந்தது. 1992-இல் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் பிராமிஸ்’ நாவலில், சாகக் கிடக்கும் நிலக்கரி வியாபாரி ஒருவர் ஒரு பிரபுவின் கடன்பத்திரங்களையெல்லாம் வாங்கிவைத்துக்கொண்டு, என் மகளைக் கட்டிக்கொள் என்கிறார். கிறிஸ்மஸுக்கு அவள் சொந்தக்காரர்கள் கூட்டமாக, சத்தமாக, பிரபுவின் மாளிகைக்கு வந்து இறங்குகிறார்கள். ‘டான்சிங் வித் கிளாரா’ அதைவிடத் துணிச்சல். ஃபிரெடரிக் சல்லிவன் முந்தைய நாவல் ஒன்றில் கிட்டத்தட்ட வில்லனாக வந்தவன். சூதாட்டக் கடனில் மூழ்கிப்போய், நடக்க முடியாத, அழகில்லாத, பணக்காரியான கிளாராவிடம் காதல் வசனம் பேசுகிறான். அவன் பேசுவது முழுக்கப் பொய் என்று கிளாராவுக்கு முதல் நிமிஷமே தெரியும். தெரிந்தே சம்மதிக்கிறாள், அவனுக்கு அவள் பணம் வேண்டும், அவளுக்கு அவன் அழகும் உயிர்ப்பும் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் ஒரே நாளில் திருந்துவதில்லை. திருந்துகிறான், வழுக்குகிறான், வெட்கப்படுகிறான், திரும்ப வழுக்குகிறான். இந்தக் கட்டுக்குள் இதை எழுத முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கார்லா கெல்லி வேறு மாதிரி. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையில், பழைய எல்லைப்புறக் கோட்டைகளில் வேலைபார்த்தவர். வரலாற்றைக் கையால் தொட்டவர். அவர் கதைகளில் பிரபுக்களைவிடப் படைவீரர்களும் கப்பல் மருத்துவர்களும் விதவைகளும் அதிகம். ‘மிஸஸ் ட்ரூ ப்ளேஸ் ஹெர் ஹேண்ட்’ நாவலில், பாதிரியார் கணவன் இறந்ததும் அவர் மனைவி இரண்டு பெண்குழந்தைகளோடு வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருக்கிறது. கையிலிருக்கும் காசை எண்ணி எண்ணி, எது வாங்கலாம் எது வேண்டாம் என்று அவள் முடிவு செய்கிற பக்கங்களில் பஞ்சத்தின் வாசனையே அடிக்கும்.

இந்தப் புத்தகங்களின் குறையையும் மறைக்கக் கூடாது. ஹேயரிடம் வர்க்கத் திமிர் உண்டு. 1950-இல் வந்த ‘தி கிராண்ட் சோஃபி’யில் யூத வட்டிக்கடைக்காரரை அவர் வரைந்திருக்கும் விதம் அருவருப்பானது. அந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இந்த வகை நாவல் பெரும்பாலும் கேட்டதே இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் 1834 வரையில் அடிமைமுறை சட்டபூர்வமாகவே இருந்தது. இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பும் மனிதர் இந்தக் கதைகளில் அன்பான சித்தப்பாவாகவோ, ஹேயரின் ‘பிளாக் ஷீப்’ நாவலில் போலக் கதாநாயகனாகவோ வருவார். யாரிடமிருந்து சேர்த்தார் என்பது வராது. கம்பெனி ஆட்சி அறுத்தெடுத்த ஊரில் பிறந்த நான் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது மனசு ஒரு கணம் கசக்கும். அந்தக் கசப்போடேயே ஜென்னியையும் கிளாராவையும் நேசிக்கிறேன்.

இந்த வகை எப்படிச் செத்தது? காலத்துக்கு ஒவ்வாமல் போயிற்று, வாசகர்களுக்கு அலுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. முதல் அடி விழுந்தது லாரிகளில். அமெரிக்காவில் இந்தச் சின்னப் புத்தகங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனவர்கள் ஊருக்கு ஊர் இருந்த சிறு விநியோகஸ்தர்கள். எந்தத் தெருமுனைக் கடையில் எந்த வகை ஓடும் என்று வண்டி ஓட்டுகிறவருக்கே தெரியும். 1990-களின் நடுவில் பேரங்காடி நிறுவனங்கள் பலரோடு கணக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு சிலரோடு மட்டும் வைத்துக்கொள்ள முடிவுசெய்தன. சில நூறு விநியோகஸ்தர்கள் சில வருஷத்துக்குள் விரல்விட்டு எண்ணுமளவுக்குச் சுருங்கினார்கள். அடுக்கில் இடம் குறைந்தது. மிஞ்சிய இடத்தை அதிகம் விற்கும் பெயர்கள் பிடித்துக்கொண்டன.

அந்த வியாபாரமும் ஈவிரக்கமற்றது. மாதம் முடிந்து விற்காமல் நிற்கும் பிரதியைக் கடைக்காரர் பதிப்பகத்துக்கு முழுசாகத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. முன்னட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், பணம் வரவாகிவிடும். மிச்சப் புத்தகம் கூழாகப் போகவேண்டியது. அட்டையில்லாமல் இந்தப் புத்தகம் விற்கப்பட்டால் அது அழிக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட பிரதி என்று உள்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து எழுதியதற்குக் கடையில் ஆயுள் 30 நாள். மறுபதிப்பு அனேகமாகக் கிடையாது. அந்த 30 நாளுக்குள் கையில் கிட்டியவர் படித்தார். கிட்டாதவருக்குப் பழைய புத்தகக்கடைதான்.

இரண்டாவது அடி உள்ளேயிருந்து. நன்றாக எழுதியவர்களுக்கு இதைவிட இரண்டு மடங்கு நீளமான வரலாற்றுக் காதல் நாவலுக்குப் பல மடங்கு பணம் தர வேறு பதிப்பகங்கள் தயாராக இருந்தன. மேரி பலோக் போனார். ஜோ பெவர்லி, மேரி ஜோ புட்னி போனார்கள். போனதில் தவறில்லை, எழுதிப் பிழைப்பவர்கள் அவர்கள். ஆனால் நீளமும் வேகமும் கூடிய அந்தப் புத்தகங்களில் காலை உணவு மேஜைக்கு நேரமில்லாமல் போயிற்று.

ரீஜென்சி இன்று செத்துவிட்டதா என்ன, ‘பிரிட்ஜர்டன்’ தொடர் உலகமெங்கும் ஓடுகிறதே என்று கேட்பார்கள். 2020 கிறிஸ்மஸ் நாளில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ஜூலியா குவின் 2000-இல் தொடங்கிய நாவல் வரிசையிலிருந்து எடுத்தது. பார்க்க எனக்கும் பிடிக்கும். கவுனும் நடனமும் வண்டியும் அதில் இருக்கின்றன. ஆனால் அவை மேடைக்கு வந்த உடுப்புகள். ஒருவர் மனசை இன்னொருவர் மரியாதையின் வழியாக, வாரக்கணக்கில், வாய்திறந்து சொல்லாமலே அறிந்துகொள்வது அந்த வேகத்துக்குள் அடங்காது. மின்னூலாகவும் பழைய சிக்னெட் நாவல்கள் பல திரும்பி வந்திருக்கின்றன. பலோக்கின் ஆரம்பகால நாவல்களை இன்று கைபேசியில் வாங்கிவிடலாம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வராமல் போனது மாதாமாதம் புதிதாக மூன்று எழுதவைத்த அமைப்பு. பெயர் தெரியாத ஒருவருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்து, தோற்றால் அடுத்ததை எழுது என்று சொல்லி, ஐந்தாவது புத்தகத்தில் அவரைத் தேர்ந்த கையாக்கிய பட்டறை அது. பலோக்கும் கெல்லியும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்கள்.

படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ‘எ சிவில் கான்ட்ராக்ட்’டை முதலில் எடுக்கவேண்டாம். ‘தி கன்வீனியன்ட் மேரேஜ்’ படித்துச் சிரியுங்கள். அந்த உலகத்தின் வண்டிகளும் விருந்துகளும் பட்டப்பெயர்களும் பழகிப்போகும். அடுத்து ‘டான்சிங் வித் கிளாரா’. அதற்குப் பிறகு ஜென்னியிடம் வாருங்கள். பாதி நாவல் வரைக்கும் உங்கள் மனசு ஜூலியா பக்கம்தான் சாயும். பரவாயில்லை, மேலே படியுங்கள். ஆடமும் அதுவரை அங்கேதான் இருக்கிறான்.